சம்பளம் ஏறாத ‘மேலாளர்’ பதவி: கல்லூரி ஊழியர்கள் சங்கம் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் 11 வருடமாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். எம்.சி.ஏ. முடித்தவன். சம்பளம் 26,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 9,000, மீதி 17,000 ‘சிறப்புப் படி’. பி.எஃப். 9,000-க்கு மட்டும்தான் பிடிக்கிறார்கள். போன வருடம் நாலு மாதம் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறவே இல்லை. சம்பளம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வருகிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் ஞாயிறும் வேலை. மே, ஜூனில் ஆளுக்கு ஐந்து அட்மிஷன் பிடித்துத் தரவேண்டும். எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. ஆபீஸ், லேப், லைப்ரரி, சிஸ்டம்ஸ் சேர்த்து நாங்கள் 34 பேர். சங்கம் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தோம். அது எப்படியோ தாளாளர் காதுக்குப் போய், அடுத்த வாரமே எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ‘மேலாளர்’ என்று ஆர்டர் வந்தது. சம்பளம் ஏறவில்லை. “கல்வி நிறுவனத்தில் சங்கம் வைக்கவே சட்டத்தில் இடமில்லை, அதிலும் மேலாளர் சேரவே முடியாது” என்கிறார் நிர்வாக அலுவலர் (ஏ.ஓ.). எங்களில் சிலர், டிரைவர், அட்டெண்டர் எல்லாம் வேண்டாம், படித்த ஸ்டாஃப் மட்டும் தனியாக ஒரு அசோசியேஷன் வைப்போம் என்கிறார்கள். என்ன செய்வது? வேலை போய்விடுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஆர்டரைப் பார்ப்போம். சங்கப் பேச்சு எழுந்த அடுத்த வாரம், முன்னால் நின்று பேசிய நாலு பேருக்கு மட்டும், ஒரு ரூபாய்கூட ஏறாமல் ஒரு பதவி உயர்வு. இந்த வேலையை முதலில் செய்தது உங்கள் தாளாளர் இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலேயே இது இருந்தது. தொழிலாளர்களுக்குள் பிளவு உண்டாக்கவோ சங்கத்தின் பலத்தைக் குறைக்கவோ சிலருக்குத் தகுதியில்லாத பதவி உயர்வு கொடுப்பது ‘நேர்மையற்ற தொழில் நடைமுறை’ என்று அதில் எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020-இன் அட்டவணையிலும் அது அப்படியே தொடர்கிறது. நிரூபணமானால் 10,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதன் தேதிதான் உங்களுக்குச் சாட்சி. நீங்கள் நாலு பேரும் சங்கம் பற்றிப் பேசிய தேதிக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால், ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் சரி, அதையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, கல்வி நிறுவனத்தில் சங்கம் கூடாது என்ற பேச்சு. இது முழுப் பொய் இல்லை, காலாவதியான உண்மை. டெல்லி பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கான பஸ் ஓட்டிய இரண்டு டிரைவர்களை, பஸ் விடுவது நஷ்டம் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிவாரணம் கேட்டு அவர்கள் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-இல், கல்வி ‘தொழில்’ என்பதற்குள் வராது, ஆகவே தொழில் தகராறுகள் சட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. உங்கள் ஏ.ஓ. அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார். 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய நிலையை மாற்றியது. திட்டமிட்ட செயல்பாடு, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து இயங்குவது, மக்களுக்குத் தேவையான பொருளோ சேவையோ தருவது, இந்த மூன்றும் இருந்தால் அது ‘தொழில்’தான், லாப நோக்கம் இருக்கிறதா என்ற கேள்வியே வேண்டாம் என்றது. கல்வி நிறுவனமும் இதற்குள் வந்தது. அப்புறம் 1988-இல் கோவா ஆசிரியை ஒருவர் வழக்கில், ஆசிரியர் இந்தச் சட்டப்படி தொழிலாளி இல்லை என்று தீர்ப்பானது. ஆக உங்கள் வளாகத்தில் ஒரு வேடிக்கை: பாடம் நடத்துபவருக்கு லேபர் கோர்ட் கதவு மூடியிருக்கிறது, அவருடைய லேபில் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1978 தீர்ப்பு இன்னும் மேல் அமர்வின் பார்வைக்குப் போக வேண்டும் என்று 2017-இலேயே ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. புதிய சட்டத் தொகுப்போ, முழுவதுமாகவோ பெரும்பகுதியோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை ‘தொழில்’ வரையறையிலிருந்து விலக்குகிறது. உங்கள் கல்லூரியை நடத்துவது ஒரு அறக்கட்டளையாகத்தான் இருக்கும். நாளைக்கே அவர்கள் வக்கீல் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். கட்டணம் வாங்கி, அட்மிஷனுக்கு ஆளுக்கு ஐந்து என்று டார்கெட் போட்டு நடத்துவது எந்த வகை அறப்பணி என்று நாம் கேட்போம். அந்தச் சண்டையில் நமக்கு நல்ல வாதம் இருக்கிறது. ஆனால் அது வருடக்கணக்கில் ஓடும் சண்டை. அதனால் உங்கள் முதல் அடியை அந்த இடத்தில் வைக்காதீர்கள். நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்: ‘தொழிலா, தொழிலாளியா’ என்ற வாதமே தேவைப்படாத பாக்கிகள் உங்களுக்கு நிறைய இருக்கின்றன. சங்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பி.எஃப்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1982 முதல் கல்வி நிறுவனங்கள் பி.எஃப். சட்டத்துக்குள் இருக்கின்றன. அதில் நீங்கள் மேலாளரா, அட்டெண்டரா என்று யாரும் கேட்பதில்லை. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கி ஆகாது, நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே தண்டனைச் சட்டம் அதைப் பார்க்கிறது. உங்கள் நாலு மாதச் சம்பளச் சீட்டையும் அதே மாதங்களின் பாஸ்புக் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் நிரூபிக்க எதுவும் இல்லை.

அடிப்படைச் சம்பளத்தை 9,000 ஆக வெட்டியது தனிக் கதை. இதிலும் நமக்கு வழிகாட்டுவது ஒரு பள்ளிக்கூட வழக்குதான். மேற்கு வங்கத்தில் அரசு உதவி பெறாத ஒரு பள்ளி, ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் சிறப்புப் படி என்று கொடுத்துவிட்டு அதற்குப் பி.எஃப். கட்டவில்லை. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று சொல்லிவிட்டது. உங்கள் 17,000-மும் அந்த வகைதான். சட்டப்படி பி.எஃப். கட்டாயம் உள்ள உச்சவரம்பு 15,000. ஆகவே 12 சதவீதக் கணக்கில் மாதம் 1,080 இல்லை, 1,800 பிடித்து, அதே அளவு கல்லூரியும் போட வேண்டும். கல்லூரி உங்களுக்கு மாதம் 720 ரூபாய் குறைத்துப் போட்டு வந்திருக்கிறது. 720 தானே என்று நினைக்காதீர்கள். கல்லூரி போடும் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. ஓய்வூதியத்துக்கு எண்ணும் சேவை 25 வருடம் என்றால், 9,000-இல் பார்த்தால் மாதம் சுமார் 3,214. 15,000-இல் பார்த்தால் சுமார் 5,357. ஆயுள் முழுக்க வரும் வித்தியாசம் இது.

இதில் ஒன்றை உறுப்பினர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லூரி சரியாகக் கட்ட ஆரம்பித்தால் உங்கள் பங்கும் 720 ஏறும், கைக்கு வரும் சம்பளம் அந்த அளவு குறையும். மாதத் தவணையில் வண்டி வாங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் அந்த மாதம் வந்து “சங்கத்தால்தான் சம்பளம் குறைந்தது” என்று சொல்வார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பி.எஃப். புகாரை இணையத்திலேயே பதியலாம். அதைவிட, மாவட்டந்தோறும் மாதம் 27-ஆம் தேதி பி.எஃப். அதிகாரிகள் நேரில் வந்து உட்காரும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாமுக்கு ஐந்தாறு பேராகப் போங்கள். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலைநாளில் நடக்கும். தனியாக ஒருவர் போட்ட புகாரில் அவருடைய கணக்கு எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பத்துப் பேர் சேர்ந்து போட்டால் யாரைப் பழிவாங்குவது?

சம்பளத் தேதிக்கும் இப்போது சட்டம் வந்துவிட்டது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டம் முக்கியமாக ஆலை மாதிரியான இடங்களுக்கு, அதிலும் 24,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா ஊழியருக்கும் பொது, மேலாளர் உட்பட. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். 20-ஆம் தேதிச் சம்பளம் இனி தாளாளரின் வசதி இல்லை, மீறல். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுயநிதிக் கல்லூரி ஊழியர்களில் பலர் இதைக் கேட்காமலே போய்விடுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களுக்கு 1997 ஏப்ரல் முதலே கிராஜுவிட்டிச் சட்டம் பொருந்தியது, இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஆசிரியர்கள்தான் 2009 திருத்தம் வரை இதற்குப் போராட வேண்டியிருந்தது, ஆசிரியரல்லாதோர் விஷயத்தில் தகராறே இருந்ததில்லை. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் 9,000-ஐ வைத்துக்கொண்டு கல்லூரி கணக்குப் போட்டால் 57,115 ரூபாய் வரும். இந்தப் புதிய தொகுப்பில் ‘ஊதியம்’ என்பதிலிருந்து விலக்கிய படிகளின் பட்டியலில் சிறப்புப் படி இல்லை. அதனால் 26,000 முழுவதும் ஊதியம் என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 11 வருடத்துக்கு 1,65,000. ஒரே ஆள், ஒரே சேவை, இரண்டு கணக்கு. இதை ஒரு தாளில் போட்டு முதல் கூட்டத்தில் காட்டுங்கள். எந்தப் பேச்சாளரும் தேவைப்படமாட்டார்.

ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. 21,000-க்கு மேல் போய்விட்டீர்கள். லேப் அட்டெண்டர், டிரைவர்களுக்குப் பொருந்தும். அவர்கள் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ‘மேலாளர்’ பட்டத்தின் சட்ட மதிப்பு. சங்கத்தில் சேர அது தடையே இல்லை. தொழில் உறவுகள் தொகுப்பில் தொழிற்சங்கம் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் ‘தொழிலாளர்’ என்றால் அந்தத் தொழிலில் வேலை செய்யும் எல்லோரும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. 1926-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சங்கச் சட்டமும் அப்படித்தான். ஏ.ஓ. சொன்னதில் இந்தப் பாதி சுத்தத் தவறு.

ஆனால் உங்கள் வேலையே போய் லேபர் கோர்ட்டுக்கு வரவேண்டிய நிலை வந்தால் பட்டம் குறுக்கே வரும். அங்கே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார். மேற்பார்வை வேலை பார்ப்பவர், மாதம் 18,000-க்கு மேல் வாங்கினால், அவரும் வெளியே. ஏ.ஓ.வுக்கு இன்னும் தோன்றாத வாதம் இந்த இரண்டாவதுதான், உங்கள் சம்பளம் 26,000 ஆயிற்றே. பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை, முக்கியமாக என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்க்கும். 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் யாருக்காவது லீவு சாங்ஷன் செய்கிறீர்களா? யாருக்காவது மெமோ கொடுத்ததுண்டா? ஒரு சுவிட்ச் வாங்க நீங்களே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியுமா? செமஸ்டர் முடிந்ததும் அறுபது கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ஏற்றுவது, கேபிள் அடிப்பது, கேமரா ஓடாவிட்டால் ஏணி போட்டு ஏறுவது, பல்கலைக்கழகப் போர்ட்டலில் ஹால் டிக்கெட் வராவிட்டால் ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுப்பது, இதெல்லாம் தொழில்நுட்ப வேலை. இயந்திரங்களை மேற்பார்ப்பதைச் சட்டம் ‘மேற்பார்வை’ என்று எண்ணாது, ஆட்களை மேற்பார்க்க வேண்டும். இன்றிலிருந்து ஒரு டைரி போடுங்கள். நாளுக்கு இரண்டு வரி போதும்: என்ன வேலை, யார் சொல்லிச் செய்தீர்கள். ஆறு மாத டைரி ஆர்டரை விடக் கனமானது. ஞாயிற்றுக்கிழமை வேலையையும் அதிலேயே குறியுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் வேலைக்கே உரிய ஆபத்து ஒன்று. சர்வர் உங்கள் கையில் இருக்கிறது. பயோமெட்ரிக் பதிவு, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கோப்பு, கேமராப் பதிவு எல்லாம் ஒரு கிளிக் தூரம். தாளாளருக்குப் போன மெயிலைக்கூடப் பார்க்க முடியும். தொடாதீர்கள். உரிமையாளர் அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு தகவலை நகல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றம். சங்கம் வைத்ததற்காக உங்களை நீக்க முடியாத நிர்வாகம், டேட்டா திருடினார் என்று ஒரே நாளில் நீக்கும், போலீஸ் புகாரும் கொடுக்கும். உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டு, சொந்தப் பாஸ்புக், உங்கள் போனுக்கு வந்த மெசேஜ், இவை போதும். கல்லூரியின் மெயிலில், கல்லூரியின் வைஃபையில் சங்கப் பேச்சும் வேண்டாம். அந்த லாக் என்னவெல்லாம் பதியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, டிரைவர், அட்டெண்டர் வேண்டாம் என்ற யோசனை. இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கௌரவப் பிரச்சினை என்பதால் யாரும் வெளிப்படையாகச் சொல்லாமல் “அவங்க பிரச்சினை வேற” என்பார்கள். பிரச்சினை வேறு இல்லை. அவர்களுக்கும் பி.எஃப். அதே மாதங்களில்தான் ஏறியிருக்காது, சம்பளம் அதே 20-ஆம் தேதிதான். பலத்தைப் பாருங்கள். லைப்ரரியன் ஒரு நாள் வராவிட்டால் லைப்ரரி மூடியிருக்கும், அவ்வளவுதான். பஸ் வராவிட்டால் கோபி, பவானி, பெருந்துறைப் பெற்றோர்கள் எட்டு மணிக்கே தாளாளருக்குப் போன் போடுவார்கள். கல்வி நிறுவன ஊழியருக்குச் சட்டம் உண்டா என்ற கேள்வி 1963-இல் உச்ச நீதிமன்றம் வரை போனதும் டிரைவர்கள் தொடங்கிய வழக்கால்தான், எம்.சி.ஏ. படித்தவர்களால் இல்லை. படித்த 34 பேர் மட்டும் உள்ள அசோசியேஷனைக் கல்லூரி ஒரு டீ பார்ட்டியிலேயே சரிக்கட்டிவிடும். ஏற்கெனவே நாலு பேரைப் பட்டம் கொடுத்துப் பிரித்துவிட்டார்கள், மீதி வேலையை நீங்களே செய்து கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் வரும் துப்புரவுப் பணியாளர்கள் இருந்தால் அவர்களுடைய முதலாளி யார் என்பது தனி விவகாரம். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் மனுவில் அவர்கள் கோரிக்கையைக் கலக்க வேண்டாம்.

பதிவு பற்றி. ஏழு பேர் விண்ணப்பம் போட்டால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு, அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லா ஊழியரும் ‘தொழிலாளர்’ என்று பரந்த வரையறை இருப்பதால், ஆசிரியர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கல்லூரி ஆட்சேபம் கிளப்பலாம். ஆசிரியர், டிரைவர் எல்லாம் சேர்த்து இருநூறு பேர் என்றால் இருபது கையெழுத்தோடு போங்கள், அந்த வாய்ப்பே இருக்காது. நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கோ ஐந்து பேருக்கோ மேல் போகக் கூடாது. மாவட்டத்தில் எந்தக் கட்சிச் சங்கத்தோடு இணைவது என்று இப்போதே அடித்துக்கொள்ளாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரைக் கௌரவத் தலைவராகக் கேட்கலாம், கொடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பதிவாளர் ‘இது தொழில் அல்ல’ என்று மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு. இடைக்காலத்துக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம், ஆனால் அதற்குத் தொழிற்சங்கத்தின் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதை நிரந்தர ஏற்பாடாக நினைக்க வேண்டாம்.

வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களில் யாராவது ஒருவர் “எல்லோரும் ஒரு நாள் கேஷுவல் லீவு போடுவோம், அது ஸ்ட்ரைக் இல்லையே” என்று சொல்வார். தொழில் உறவுகள் தொகுப்பில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்டவிரோதம், அபராதமும் ஒரு மாதம் வரை சிறையும் எழுதியிருக்கிறது. “2003-இல் அரசு ஊழியருக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று பயமுறுத்துபவரும் இருப்பார். அந்த ஜூலையில் டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் லட்சக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியதும், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. அது வேலைநிறுத்தம் பற்றியது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது, அதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

வேலை போய்விடுமா என்று கேட்டீர்கள். போகவே போகாது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். சிரமமாக்கலாம் என்பதுதான் சட்டம் தரும் உறுதி. உங்களுடையது கலை அறிவியல் கல்லூரி என்பதால் 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 19-ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு கேடயம். ஆசிரியரையும் ‘மற்ற ஊழியரையும்’ உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அது. சிறுபான்மைக் கல்லூரி என்றால் நிலைமை வேறு, ஆவணத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொரு கேடயம், சமரசப் பேச்சு நடக்கும்போது அந்தத் தகராறில் சம்பந்தப்பட்டவரின் பணி நிபந்தனைகளை நிர்வாகம் தன்னிச்சையாக மாற்ற முடியாது என்பது. ஆகவே சங்கம் பதிவானதும் ஒரு கோரிக்கை மனுவைத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) முன் வைத்துவிடுவது பாதுகாப்பு. மனு போடாமல் கேன்டீனில் வாய்ச்சண்டை போடுபவர்தான் முதலில் மாட்டுகிறார்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடி வந்து 2013-இல் அரசு அதை எடுத்துக்கொண்ட பிறகு, உபரி என்று கணக்கெடுத்து ஆயிரக்கணக்கான ஆசிரியரல்லாத ஊழியர்களை வேறு துறைகளுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமாகி ஊழியர்கள் வாசலில் உட்கார்ந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். நிரந்தர வேலையிலும் பணமில்லாத போது முதலில் தொடப்படுவது இந்தப் பிரிவுதான். அங்கே ஓரளவாவது பேச்சுவார்த்தை நடந்தது என்றால் பல வருடங்களாக இருந்த சங்கங்களால்தான்.

அட்மிஷன் டார்கெட், ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு, இன்கிரிமென்ட் போன்றவை எல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஆனால் பேசித்தான் வாங்க வேண்டும், பேசுவதற்குப் பலம் வேண்டும். அவற்றை இரண்டாவது மனுவுக்கு வையுங்கள். முதல் மனுவில் நாலு மாதப் பி.எஃப்., சரியான அடிப்படைச் சம்பளம், 7-ஆம் தேதிச் சம்பளம், சர்டிபிகேட் மட்டும் இருக்கட்டும். இவற்றைக் கொடுக்க முடியாது என்று எந்த நிர்வாகமும் எழுத்தில் பதில் தரத் துணியாது.

சர்டிபிகேட்டை மட்டும் சங்கம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேளுங்கள். படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆளுக்கொரு காரணம் தேடாமல் எல்லோரும் ஒரே வாசகத்தில், “சரிபார்ப்பு முடிந்துவிட்டதால் என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும்” என்று பிரின்சிபாலுக்கு எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வீட்டில் வையுங்கள், ஆபீஸ் டிராயரில் வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு ஒரு நகல் போகட்டும்.

முதல் கூட்டத்தைச் செமஸ்டர் தேர்வு நடக்கும் வாரத்தில் போடாதீர்கள். தேர்வைக் கெடுக்கிறார்கள் என்று மாணவர்களை உங்களுக்கு எதிராகத் திருப்புவது எளிது. சாயங்கால டிரிப் முடிந்து டிரைவர்கள் வந்து சேர ஏழு மணி ஆகும். அதற்குப் பிறகு, கல்லூரிக்கு வெளியே, யாராவது ஒருவர் வீட்டு மாடியில் போதும். வந்தவர் பெயர், தேதி, எடுத்த தீர்மானம், கையெழுத்து எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு மேலாளர் பட்டம் வாங்காத ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.